சூப்பர்ஹீரோ விடுதிப் பள்ளி ஆட்டத்தில் படிப்பை எங்கே வைப்பது?

வேடமேற்கும் ஆட்டத்தில் கதை நடத்துபவர் ஒருவர் காட்சியைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடமாகப் பேசி ஆடுவார்கள், காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். சூப்பர்ஹீரோ விடுதிப் பள்ளி என்று சொல்லி அப்படி ஓர் ஆட்டத்தைத் தொடங்கிப் பாருங்கள். கொஞ்ச நாளிலேயே அதில் பள்ளி காணாமல் போய்விடும். விடுதி இருக்கும், சீருடை இருக்கும், தலைமையாசிரியர் மிரட்டிக்கொண்டே இருப்பார். பாடம் மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. சக்தி பெற்ற பிள்ளைகளுக்கான பள்ளி அமெரிக்கச் சித்திரக்கதைகளில் 1963 முதலே உண்டு. அங்கேயும் பயிற்சி அறைச் சண்டைக்குக் கிடைத்த பக்கங்கள் கணக்குப் பரீட்சைக்குக் கிடைத்ததில்லை.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே கூடத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறோம். எட்டாம் வகுப்பிலிருந்து மெட்ரிக் வரை, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை, படிக்கும் பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம்தான். ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் தமிழில் பேச வேண்டும் என்பது விதி. எங்கள் கற்பனைப் பள்ளியை டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் வைத்திருக்கிறோம். சண்டைக் காட்சியில் பிள்ளைகளின் தமிழ் "அடிக்கிறேன்", "பறக்கிறேன்", "விழுந்துட்டானா?" என்பதோடு நின்றுபோகும். வீட்டுப்பாடம் செய்யாததற்கு ஆசிரியரிடம் காரணம் சொல்லும்போது, பக்கத்து கட்டில்காரனிடம் நோட்டு கேட்கும்போது, வந்த மார்க்கை அம்மாவிடம் மறைக்கும்போதுதான் வாக்கியம் நீளும். அதனால் படிப்பை ஆடுவதற்கு உள்ள வழிகளை நான் எடைபோடுவது இரண்டே கேள்விகளால். பிள்ளைகள் எதில் அதிகம் பேசுகிறார்கள்? பாடம் எதில் கதைக்குள் இறங்கி வேலை செய்கிறது?

முதல் வழி, கால அட்டவணையை அப்படியே ஆடுவது. மணி அடிக்கும், கணிதம், இடைவேளை, வரலாறு, மாலையில் விடுதிப் படிப்பு நேரம். எழுத்தில் ஆடுகிறவர்களுக்கு இது ஒத்துவரலாம். ஆற அமர ஒரு பத்தி எழுதி, மற்றவர் பதிலுக்குக் காத்திருக்கலாம். மேசையில் உட்கார்ந்து ஆடும்போது தாங்காது. கதை நடத்துபவர் பாடம் எடுக்க, மற்ற எல்லோரும் கைகட்டிக் கேட்க, வாரம் முழுக்க வகுப்பில் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு சனிக்கிழமையும் வகுப்பாகிவிடும். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நாளை, முதல் நாளை, இப்படி முழுசாக ஆடினால் பள்ளி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். யார் எந்த பெஞ்சு, டக் ஷாப் என்கிற பள்ளித் தின்பண்டக் கடையில் யார் யாருக்குக் கடன், எந்த ஆசிரியர் காலடிச் சத்தத்துக்கே வகுப்பு அடங்கும் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் பிறந்துவிடும். பிறகு ஆண்டு முழுவதும் அதை வைத்தே ஓட்டலாம்.

இரண்டாவது வழி, பள்ளியைப் பின்னணித் திரையாக மட்டும் தொங்கவிட்டு, வெளியே போய் வில்லனைப் பிடிப்பது. நடத்துவதற்குச் சுலபம், புதிதாக வந்த பிள்ளைக்கும் உடனே புரியும். எனக்கு இது பிடிக்கவில்லை. டர்பனில் நம் ஆட்களுக்குப் பள்ளிக்கூடம் சும்மா கிடைத்த பொருள் கிடையாது. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பணம் திரட்டி, அதற்கு ஈடாக அரசு தரும் மானியத்தைக் கேட்டு வாங்கி, பள்ளி பள்ளியாகக் கட்டினார்கள். 1929-இல் திறந்த சாஸ்திரி கல்லூரிக்கும் சமூகத்தின் பணம்தான் அடித்தளம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பள்ளியை வெறும் வாசல் படமாக வைத்து ஆட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வழிதான் இப்போது எங்கள் மேசையில் ஓடுகிறது. தினசரி வகுப்பைத் தாண்டிவிட்டு, பருவத்தைச் சட்டகமாக வைப்பது. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நான்கு பருவம். பருவத்துக்கு ஒரு பாடம், ஒரு சோதனை, ஆசிரியர் கூட்டத்தில் ஒரு முடிவு, இவ்வளவுதான் ஆடுவது. மதிப்பெண்ணுக்கு மெட்ரிக் முறையையே எடுத்துக்கொண்டோம். பெரும்பாலான பாடங்களில் ஆண்டு முழுக்கப் பள்ளியில் செய்த வேலைக்கு 25 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 75. மார்க்குக்கு 7 நிலைகள்: 80-உம் அதற்கு மேலும் 7, 30-க்குக் கீழே 1. பிள்ளைகளுக்கு இது தண்ணீர்பட்ட பாடு, விளக்கவே வேண்டாம். லைஃப் ஓரியன்டேஷன் என்கிற வாழ்க்கைத் திறன் பாடத்தின் மதிப்பீடு முழுதும் பள்ளிக்குள்ளேயே நடப்பது போல, எங்கள் பள்ளியில் "சக்தியை அடக்குதல்" என்ற பாடமும் பள்ளிக்குள்ளேயே முடியும். அதில் மார்க்கைப் பேரம் பேசலாம். அந்தப் பேரத்தில் வரும் தமிழைக் கேட்கவே நான் சனிக்கிழமைக்குக் காத்திருப்பேன்.

இந்த வழியில் பாடம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் பருவ இயற்பியல் சோதனையில் ஒரே கேள்வி வைத்தேன். ஹோவிக் அருவி ஏறத்தாழ 95 மீட்டர். பிக்னிக் போய் எல்லோரும் எட்டிப் பார்த்த இடம். அதன் உச்சியிலிருந்து ஒருவர் தவறி விழுகிறார். காற்றின் தடையை விட்டுவிட்டால் கீழே வர எவ்வளவு நேரம்? 9.8-ஐ வைத்துப் போட்டால் 4.4 நொடி. அடியைத் தொடும்போது மணிக்கு 155 கிலோமீட்டர் வேகம். பறக்கும் பெண்ணாக ஆடுகிறவள், "அது போதும் அக்கா, நான் கீழே போய் நின்னு கையில ஏந்திக்குவேன்" என்றாள். அவளுக்கு எதிரே தூரத்துச் சத்தம் கேட்கும் சக்தி மட்டும் உள்ள பையன். வழக்கமாக வாயே திறக்க மாட்டான். "நீ அசையாம நின்னா அவருக்குப் பாறையும் உன் கையும் ஒண்ணுதான்" என்றான். உண்மைதான். 95 மீட்டர் விழுந்த உடலைக் கடைசி 1 மீட்டரில் நிறுத்தினால் அதன் எடையைப் போல 95 மடங்கு விசை தாங்க வேண்டும். கடைசி 30 மீட்டரில் மெல்ல மெல்ல நிறுத்தினால் 3 மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. அப்படியானால் முதல் 65 மீட்டருக்குள், அதாவது 3.6 நொடிக்குள், அவரை எட்டிப் பிடித்து அவர் கூடவே விழ வேண்டும். கணக்கைக் காகிதத்தில் போட்டவன் அந்தப் பையன். மூன்றாம் பருவத்தில் நிஜமாகவே ஒருவரை அருவியில் தள்ளிவிட்டேன். அவள் நேராக அடிவாரத்துக்குப் போகவில்லை. தலைகீழாகப் பாய்ந்து, பக்கத்திலேயே விழுந்து, தோளைப் பிடித்தாள். அவள் காதில் நொடி எண்ணிக்கொண்டிருந்தது அந்தப் பையன்.

முதல் வழியில் அந்தக் கேள்வி ஒரு நாள் வகுப்போடு மறந்துபோயிருக்கும். இரண்டாவது வழியில் கேள்வியே வந்திருக்காது.

பகடை விஷயமும் இங்கேதான் வருகிறது, ஏனென்றால் பரீட்சைக்கு எந்தப் பகடை என்பதில் மேசைக்கு மேசை சண்டை. 20 முகப் பகடையில் ஒவ்வொரு முகத்துக்கும் 5 சதவீதம். 11 வேண்டிய சோதனையில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு 5 கூட்டிக் கொடுத்தாலும் நான்கில் ஒரு முறை தோற்பாள். சண்டைக்குப் பரவாயில்லை, படிப்புக்கு அநியாயம். இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி, 10-உம் அதற்கு மேலும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6-உம் அதற்குக் கீழேயும் சிக்கல் என்று வைப்பது வேறு ருசி. எந்தக் கூடுதலும் இல்லாவிட்டால் முழு வெற்றிக்கு 36-இல் 6 வாய்ப்பு, நடுவில் 15, சிக்கலுக்கு 15. படித்ததற்கு 1 கூட்டினால் அதுவே 10, 16, 10 ஆகிறது. அந்த நடுப்பகுதிதான் பள்ளி வாழ்க்கை. பாஸ் ஆகிவிட்டாய், ஆனால் பக்கத்தில் இருந்தவள் விடை உன்னுடையதைப் போலவே இருக்கிறது. பாஸ் ஆகிவிட்டாய், ஆனால் பதற்றத்தில் மேசை எரிந்துவிட்டது. பேச்சு அங்கேதான் முளைக்கிறது.

நூறு வரை காட்டும் பகடைக்குப் பிள்ளைகளிடம் தனி மோகம். 83 விழுந்தால் 83 மார்க்கு. ஆனால் அதில் படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் 1-ஆம் நிலையில் விழ 29 சதவீத வாய்ப்பு. படித்தவள் இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுக்கலாம் என்று விட்டால் அது 8 சதவீதத்துக்கு இறங்குகிறது. இறுதித் தேர்வுக்கு மட்டும் இதை வைத்திருக்கிறேன். மெட்ரிக் முடிவு ஜனவரியில் வரும்போது வீடே விழித்திருக்கும் அந்த ராத்திரியின் படபடப்பு, நூறு பகடை உருளும் ஓசையில் அப்படியே வந்துவிடுகிறது.

இனி நான்காவது வழி. இதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 1950-களிலும் 60-களிலும் இங்கே இந்தியர் பள்ளிகளில் இடம் போதாமல் "பிளட்டூன்" வகுப்பு நடந்தது. காலையில் ஒரு கூட்டம், மதியம் வேறொரு கூட்டம், கட்டிடம் ஒன்றே. அப்படிப் படித்த பாட்டிமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். காலைப் பிள்ளை உட்கார்ந்த பெஞ்சில் மதியம் போய் உட்கார்வது, முகம் தெரியாத அந்தப் பிள்ளையின் பென்சில் துண்டு மேசைக்குள் கிடப்பது, இதையெல்லாம் அவர்கள் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதை ஆட்டத்தில் வைத்தால்? காலையில் ஊர்ப் பிள்ளைகள், மதியம் சக்தி உள்ள விடுதிப் பிள்ளைகள், அதே மேசை. ஒவ்வொருவரும் இரண்டு வேடம் ஏற்க வேண்டும், ஷிஃப்டுக்கு ஒன்று. இரண்டு பேரும் சந்திக்கவே மாட்டார்கள். மேசைக்குள் சீட்டு வைத்துப் பேசிக்கொள்ளலாம். அந்தச் சீட்டைப் பிள்ளைகள் தமிழில் தங்கள் கையாலேயே எழுத வேண்டும். பேச்சுத் தமிழ் மட்டும் வாய்த்த பிள்ளைக்கு எழுதக் காரணம் கிடைக்கிறது, அதுவும் பதிலுக்கு ஏங்க வைக்கும் காரணம். வகுப்பு முடிந்து அம்மா கையால் சாப்பிட வீட்டுக்குப் போகிற காலைப் பிள்ளையை நினைத்து விடுதிப் பிள்ளைக்கு வரும் ஏக்கம், பறக்கத் தெரிந்தவளுக்குத்தான் நல்ல ஆசிரியர் என்று காலைப் பிள்ளைக்கு வரும் கோபம், இரண்டையும் ஒரே பிள்ளை ஆடிப் பார்க்கிறாள். என் இரண்டு கேள்விகளுக்கும் இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

சுமையும் அதிகம். ஒரு பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் இரண்டு வேடம் காலி. கதை நடத்துபவர் இரண்டு பள்ளியை மனதில் சுமக்க வேண்டும். அதைவிட முக்கியம், இனம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துப் படிக்க வைத்தது இந்த நாட்டில் சட்டமாகவே இருந்தது. அந்தப் புண்ணைத் தொடுகிறோம் என்று தெரிந்துதான் தொட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் பிளட்டூனில் படித்த ஒரு பெரியவரைக் கூடத்துக்கு அழைத்து உட்காரவைத்துக் கேட்டுவிடுவது என் நிபந்தனை. "ஆயா, உங்க பெஞ்சுல காலையில யாரு?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், மற்றது தானாக வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். முதல் நாளை மட்டும் முழு அட்டவணையில் ஆடுங்கள், பிறகு பருவத்துக்கு மாறிவிடுங்கள். ஓர் ஆண்டு ஒன்றாக ஆடிப் பழகிய, விடுப்பு எடுக்காத கூட்டம் உங்களிடம் இருந்தால் இரண்டு ஷிஃப்டுக்குப் போகலாம். நாங்கள் ஜனவரியில் போகிறோம். மெட்ரிக் எழுதும் மூத்த பிள்ளைகள் அக்டோபர், நவம்பரில் வர முடியாது என்பதால் நான்காம் பருவத்தில் அவர்களுடைய வேடங்களும் இறுதித் தேர்வுக்காக விடுதி அறைக்குள் அடைந்துகிடக்கும். காலை ஷிஃப்டிலிருந்து அவர்களுக்கு வரும் சீட்டுகளைச் சின்னப் பிள்ளைகள் எடுத்துப் பதில் எழுதுவதாக ஏற்பாடு.