4 லிட்டர் பீருக்கு 0.01 கிராம் தராசு தேவையா?

கடையில் கிடைக்கும் 11.5 கிராம் ஈஸ்ட் பாக்கெட், 20 லிட்டருக்கு மேல் காய்ச்சுபவர்களை நினைத்து அடைத்தது. 4 லிட்டர் ஜாடியில் ஏல் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர் வகை) போடுபவருக்கு அதில் ஏறக்குறைய கால்வாசி போதும். அந்தக் கொஞ்சத்தை அளக்க, நகை எடை பார்க்கும் வகையைச் சேர்ந்த, 200 கிராம் வரை தாங்கி 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு சரிப்படுமா? சரிப்படும், வாங்கலாம். ஆனால் அந்த இரண்டாவது தசமத்துக்காக அல்ல.

ஈஸ்ட் தயாரிக்கும் ஃபெர்மென்டிஸ் நிறுவனம் தன் யுஎஸ்-05 ஏல் ஈஸ்டுக்குச் சொல்லும் அளவு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம். அதாவது 4 லிட்டருக்கு 2 முதல் 3.2 கிராம். ஆரம்ப கிராவிட்டி (நொதிக்கும் முன் சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி) 1.050 அளவில் இருந்தால் 2.4 கிராம் போடுங்கள்; 1.070-ஐத் தாண்டினால் மேல் எல்லைக்குப் போய்விடுங்கள். டபிள்யூ-34/70 லாகர் (குளிர்ச்சியில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்ட் என்றால் 12–15 டிகிரியில் 3.2 முதல் 4.8 கிராம். தயாரிப்பாளர் தரும் இடைவெளியே இவ்வளவு அகலம் என்னும்போது 2.40-க்கும் 2.45-க்கும் நாக்கு வித்தியாசம் சொல்லாது. 0.1 கிராம் துல்லியம் தாராளம்.

கிச்சன் தராசில் அதுவும் கிடைக்காது. 1 கிராம் படியில் 2.4-ஐ 2 என்றும் 2.6-ஐ 3 என்றும் காட்டும். அதைவிட மோசம், சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் பல தராசுகள் அதை எடையாகவே எடுத்துக்கொள்ளாமல் தானாகப் பூஜ்யத்துக்குச் சரிசெய்துவிடும். அரை கிராம் விழுந்த பிறகும் திரையில் 0 நிற்கும். பாக்கெட் தராசிலும் இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் அது விழுங்குவது மிகச் சொற்பம். சந்தேகம் வந்தால் கிண்ணத்தைத் தூக்கி மறுபடி வையுங்கள், உண்மையான எடை வந்துவிடும். டீஸ்பூன் கணக்கு இன்னும் தளர்வு: தலைதட்டிய ஒரு ஸ்பூன் ஏறக்குறைய 3 கிராம், ஆனால் குருணையின் பருமனைப் பொறுத்து மாறும்.

இந்தத் தராசின் நிஜமான பலன் கழித்து அளப்பதில் இருக்கிறது. பாக்கெட் மூலையையும் கத்தரிக்கோலையும் சானிடைசரால் துடைத்து, மூலையை வெட்டி, பாக்கெட்டைத் தட்டில் நிறுத்தி டேர் (திரையைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்துங்கள். நேராக வோர்ட்டில் (பீராக மாறவிருக்கும் மால்ட் சாறு; மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம்) தூவிவிட்டுத் திரும்ப வையுங்கள். −2.40 என்று காட்டினால் வேலை முடிந்தது. கழுவ வேண்டிய கிண்ணம் ஒன்று குறைகிறது; பிளாஸ்டிக்கில் ஈஸ்ட் ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. கை தவறி 3 கிராம் விழுந்தாலும் கவலை வேண்டாம். குறைந்தால்தான் வம்பு: நொதித்தல் தொடங்கத் தாமதமாகும், அந்த இடைவெளியில் பாக்டீரியா நுழையும், காரமான ஆல்கஹால் வாடை வரும், சில சமயம் பாதியில் நின்றுவிடும். கூடினால் கோதுமை பீரில் வாழைப்பழ வாசம் மெலியலாம், மற்றவற்றில் பெரிய சேதமில்லை.

குறைகளும் உண்டு. தட்டு சிறியது, பாக்கெட் சாய்ந்து மூடியைத் தொட்டால் எடை பொய். மின்விசிறிக் காற்றில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். பல மாடல்கள் நீங்கள் தூவி முடிப்பதற்குள் அணைந்து, டேர் அழிந்துபோகும். அதனால் பாக்கெட்டின் தொடக்க எடையைக் குறித்துவையுங்கள். சரிபார்க்கும் எடைக்கல் பெரும்பாலும் கூட வராது, தனியாக வாங்க வேண்டும். தட்டை விரலால் அழுத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் உணரி கெட்டுவிடும்.

எந்தத் தராசும் சொல்லாதது, எவ்வளவு ஈஸ்ட் உயிரோடிருக்கிறது என்பது. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாமல் மூடி 4 டிகிரியில் வைத்து 7 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது ஃபெர்மென்டிஸ். மாதக்கணக்கில் கிடந்த மிச்சத்தில் 2.40 கிராம் அளப்பது வெட்டி வேலை. அதை அடுத்த வோர்ட் கொதிக்கும்போது போட்டால் புது ஈஸ்டுக்கு உணவாகும். முந்தைய பீரின் அடியில் தங்கும் கெட்டியான ஈஸ்ட் குழம்புக்கும் (ஸ்லரி) இந்தத் தராசு வேண்டாம். 4 லிட்டருக்கு 30 மில்லி சுமாராக, சிரிஞ்சில் இழுத்துவிடலாம்.

இரண்டாவது தசமம் உண்மையில் உதவுவது தண்ணீரில் சேர்க்கும் உப்புகளுக்குத்தான். 4 லிட்டருக்கு 0.8 கிராம் ஜிப்சம் போடும் இடத்தில் 0.2 கிராம் பிசகினால் கால் பங்கு தப்பு. மால்ட்டை நிறுக்க இதன் 200 கிராம் வரம்பு போதாது, அதற்குப் பழைய கிச்சன் தராசையே வைத்துக்கொள்ளுங்கள்.