உப்புக்காற்றுக்கு எந்தக் கம்பி?

கடையில் சைக்கிள் சக்கரத்துக்கு ஸ்போக்ஸ், அதாவது ஆரக்கம்பி, கேட்டால் முதல் கேள்வியே "ஜி.ஐ.யா, எஸ்.எஸ்.ஸா?" என்பதுதான். துத்தநாகம் பூசிய இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று அர்த்தம். குலசேகரம், திருவட்டாறு என்று கடலைவிட்டுத் தள்ளி ஓடுகிற சைக்கிள் என்றால் ஜி.ஐ. போதும், காசு மிச்சம். குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் என்று கடலோரம் ஓடுகிற வண்டிக்கு நான் எஸ்.எஸ். தவிர வேறு கட்ட மாட்டேன்.

புதிதில் சுமை தாங்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உப்புக்காற்று பட்டால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும். வெள்ளைப் பொடி பூப்பது அதனால்தான். பூச்சு தீர்ந்ததும் செந்துரு. கம்பியின் நடுவில் துரு ஏறினால் துடைத்துவிடலாம். கம்பி முனையை இறுக்கும் சின்ன நட்டான நிப்பிளின் மரையில் ஏறினால் நிப்பிள் சுற்றாது, பிறகு சக்கரத்தின் கோட்டம் எடுக்கவே முடியாது. கட்டும்போது மரையில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டால் இது தள்ளிப்போகும். நிப்பிள் எப்போதும் பித்தளைதான். எடை குறைவு என்று அலுமினிய நிப்பிள் போட்டால் உப்பில் அதுதான் முதலில் அரிக்கும்.

காந்தம் ஒட்டினால் போலி எஸ்.எஸ். என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பவேண்டாம். நல்ல ஸ்டெயின்லெஸ்கூட கம்பியாக இழுபடும்போது கொஞ்சம் காந்தம் பிடிக்கத் தொடங்கும்.

நடு மெலிந்த 'பட்டட்' கம்பி மூன்றாவது வழி. இரு முனையும் 2 மி.மீ., நடு 1.8. நடுவில் இரும்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அங்கே இழுபட்டுக் கொடுத்து, கம்பி வழக்கமாக ஒடிகிற, தலையை ஒட்டிய வளைவைக் காப்பாற்றும். தூரப் பயணம் போகிறவருக்கு நல்லது. மீன்கூடை வண்டிக்கு எதற்கு? வழியில் ஒன்று ஒடிந்தால் அதே கம்பி எல்லாக் கடையிலும் கிடைக்காது.

சக்கரத்தின் நடுக்குடமான ஹப் பழையதா, புதியதா என்பதில் நான் பழையதன் கட்சி. ஓட்டைகளில் பழைய கம்பி பதிந்த தடம் இருக்கும். கழற்றுமுன் எந்தக் கம்பி எந்தப் பக்கம் சாய்கிறது என்று படம் எடுத்துவைத்து, அதே பின்னலில் கட்டினால் புதுக்கம்பி அந்தத் தடத்திலேயே உட்காரும். மாற்றிக் கட்டினால் பழைய பள்ளத்தின் விளிம்பில் இடித்து நிற்கும், ஒடிய அது போதும். இரும்பு ஹப்பின் தகடு மெல்லிசு. வளைவு ஆடினால் தலைக்கடியில் சின்னப் பித்தளை வாஷர். சில ஹப்பில் ஓட்டையின் ஒரு பக்கம் சரிவாகக் கடைந்திருக்கும். தலை உள்ளே மறையத்தான் அது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வளைவு சாய்ந்து உட்காரத்தான் அது, தலை மறுபக்கம் வரவேண்டும்.

ஆனால் இதெல்லாம் உள்ளே நன்றாயிருந்தால்தான். குண்டுகள் உருளும் இடத்தில், அச்சில் திருகியிருக்கும் கோனில் குழி விழுந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஹப்போடு சேர்ந்த கிண்ணமான கப்பில் விழுந்தால் ஹப்பே போயிற்று. புது ஹப்பின் விட்டம் மாறினால் கம்பி நீளமும் மாறும். ஆகவே முதலில் ஹப்பைத் திறந்து, கிரீஸைத் துடைத்துப் பாருங்கள், அப்புறம் கம்பி வாங்குங்கள். நான் வாங்கிவிட்டுத் திறந்தேன். பின்சக்கரத்துக்கான 40 கம்பியும் பரணில் கிடக்கின்றன.