ஸ்பைவேரும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும்: ஆறு வருடத்தில் எது உதவியது, எது தண்டச் செலவு

2019 கடைசியில் காரைக்குடியில் ஒரு கடையில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் வைத்தோம். நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம். விண்டோஸ் 10-ஐக் கடைக்காரரே போட்டுக் கொடுத்தார், ஒரிஜினல் இல்லை. "ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கும் சார், ஆஃப் பண்ணியிருக்கேன், அப்படியே இருக்கட்டும்" என்றார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கு எவராவது அப்படிச் சொன்னால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவேன்.

அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) கோயில் புள்ளிக் கணக்கை, அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கை, பல வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். அதை, எல்லாக் கருவியிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்ற இலவச மென்பொருள் தேடி, முதலில் கண்ணில் பட்டதை இறக்கி, படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கினேன். எழுத்து என்னவோ ஒழுங்காகத்தான் மாறியது, அதனால் சந்தேகமே வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி போனில் எச்சரிக்கை: என் மெயிலுக்குள் வேறு ஏதோ நாட்டிலிருந்து ஆள் நுழைந்திருக்கிறது. பதறிப்போய் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன். விடிந்ததும் மறுபடியும் அதே எச்சரிக்கை!

அப்புறம்தான் உறைத்தது: அந்த இலவச மென்பொருளோடு ஸ்பைவேர், அதாவது நமக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் நிரல், உள்ளே வந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிறதென்றால், புதுப் பாஸ்வேர்டும் அதன் கைக்குத்தானே போகும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அள்ளும், லாகின் குக்கீயையும் (நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு குறிப்பு) அள்ளும். குக்கீ போய்விட்டால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே வரலாம். அதனால் போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து, கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்து, இந்த முறை காசு கொடுத்து ஒரிஜினல் விண்டோஸ் போட்டேன். ஸ்பைவேர் வந்தால் கம்ப்யூட்டர் மெதுவாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். எனக்கு வந்தது சத்தமே போடவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை உபயோகமாக இருப்பதில் முதல் இடம் எந்த மென்பொருளுக்கும் இல்லை, தனித்தனிக் கணக்குக்குத்தான். விண்டோஸில் எதையும் மாற்ற உரிமையுள்ள அட்மின் கணக்கு ஒன்று, அதன் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். நான் உள்பட எல்லாரும் அன்றாடம் உட்காருவது சாதாரணக் கணக்கில். ஆச்சி மகன் (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்) லீவுக்கு வந்தபோது கேமில் குறுக்கு வழியில் ஜெயிக்க ஏதோ சீட் நிரல் இறக்கிவிட்டு, "அம்மான், இது பாஸ்வேர்டு கேக்குது" என்று வந்து நின்றான். போய்ப் பார்த்தால் மஞ்சள் பட்டை, வெளியிட்டவர் 'தெரியவில்லை' என்று இருக்கிறது. நோ கொடுத்து ஃபைலை அழித்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை நாள் பேசவில்லை.

ஆனால் இது முழுக் காவல் இல்லை. அட்மின் அனுமதி கேட்காமலே ஓடுகிற திருட்டு நிரல்களும் உண்டு, பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரலான எக்ஸ்டென்ஷனும் கேட்காது. வீட்டில் கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அனுமதியைப் பார்த்தேன்: எல்லா இணையதளத்திலும் உள்ள தகவலைப் படிக்கலாம், மாற்றலாமாம். பேங்க் பக்கமும் அதில் அடக்கம்தானே! தூக்கிவிட்டேன். இப்போது இருப்பது விளம்பரத் தடுப்பான் ஒன்று மட்டும்.

காசு கொடுத்த ஆன்டிவைரஸ் ஒரு வருடம் வைத்திருந்தேன், அது பிடித்ததைவிட 'புதுப்பியுங்கள்' என்று நச்சரித்ததுதான் அதிகம். விட்டுவிட்டேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே எங்களுக்குப் போதுகிறது, அதில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மால்வேர்பைட்ஸ் என்ற இன்னொரு பாதுகாப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஸ்கேன். அது நாம் ஓட்டினால்தான் தேடும், வாசலில் நின்று தடுக்காது.

திரையின் மூலையில் "5 வைரஸ்" என்று அப்பச்சிக்கு ஓயாமல் வந்தது வைரஸே இல்லை, ஏதோ தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பிரவுசர் செட்டிங்கில் எடுத்ததும் நின்றது.

இப்போதைய தலைவலி வேறு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது, இந்தப் பழைய பிராசசரை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. பாதுகாப்பு அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஒரு வருட நீட்டிப்பில் பதிந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் புதுசு" என்கிறார் அப்பச்சி.