நுவரெலியாவில் ஒரு கோப்பைத் தேநீர்

ரயில், அறை, வெந்நீர், கோல்ப் ஆட்டத்துக்கான பதிவு ஆகிய எவற்றிலும் எனக்குக் குறை இல்லை என்பதால் அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. ஜூலைக் கடைசியில் குடும்பத்துடன் ஊருக்குப் போய்வந்ததில் இன்னும் என் மனத்தில் ஆறாமல் கிடப்பது, இலங்கை மலையகத்து நுவரெலியாவில் நாங்கள் தங்கிய ஹோட்டலின் விறாந்தையில் ஒரு மனிதருக்கு மறுக்கப்பட்ட ஒரு கோப்பைத் தேநீர்தான்.

நான் நானுஓயாவுக்குக் கீழேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்தில் குடியேறி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கோல்ப் மட்டையை முதன்முதலாகக் கையில் எடுத்ததும் அங்கேதான். சிறுவயதில் அம்மாவுடன் நுவரெலியாச் சந்தைக்கு வரும்போது, வீதியோரத்தில் விரிந்து கிடக்கும் அந்தப் பச்சை நிலத்தைப் பார்த்து நின்றால், "அதெல்லாம் தொரமாரு எடம், வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார். டண்டீயிலிருந்து டே ஆற்றைக் கடந்து சற்றுத் தூரம் போனால் சென்ட் அன்ட்ரூஸ். அங்கே ஏழு கோல்ப் திடல்கள் இருக்கின்றன, ஏழும் பொதுமக்களுக்குரியவை. 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓர் அறக்கட்டளை அவற்றைப் பராமரிக்கிறது. உலகம் முழுவதும் அறிந்த 'பழைய திடலில்' ஆடுவதற்கு வெளியாரும் சீட்டுக் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அங்கே ஆட்டம் இல்லை. ஊர்ச் சனங்கள் நாய்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புல்லின் மேல் நடந்து திரிவார்கள். என் மகள் நடை பழகிய காலத்தில் அங்கேயுள்ள சின்னக் கல்பாலத்தின் மேல் அவளைக் கைப்பிடித்து நடத்தியபோது, அம்மா என்னை இழுத்துக்கொண்டு போன அந்த வீதிதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே இம்முறை நுவரெலியாவில் ஆடியே தீர்வது என்று முடிவு செய்துதான் போனேன். 1889 இல் வெள்ளைக்காரர் தொடங்கிய கழகம் அது. பதினெட்டுக் குழிகள் கொண்ட திடல். கட்டணம் செலுத்தினால் வெளியாரும் ஆடலாம். என் மட்டைப்பையைச் சுமந்து வந்த கெடிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். முதல் மூன்று குழிகள்வரை "சார்" என்றே பேசிக்கொண்டு வந்தவர், நான் எந்தத் தோட்டம் என்று சொன்னதும் நின்று, என் முகத்தைப் பார்த்து, அப்பாவின் பெயரை விசாரித்தார். அதன் பின்பு நான் அவருக்குத் "தம்பி", அவர் எனக்கு "அண்ணே". கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். கடலோரத்தில் ஆடிப் பழகிய எனக்கு அது உறைக்கவில்லை. நான் ஏழாம் எண் மட்டையை உருவினால் அவர் பேசாமல், பந்தைக் குறைந்த தூரம் அனுப்பும் எட்டாம் எண்ணைக் கையில் தருவார். பந்து சரியாகக் கொடியருகில் போய் விழும். சென்ட் அன்ட்ரூஸில் பெரிய தொகை வாங்கும் கெடிகளோடு ஆடியிருக்கிறேன். நிலத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவரை அங்கும் நான் கண்டதில்லை.

ஆட்டம் முடிந்து ஹோட்டலுக்குத் திரும்பிய பின்னர்தான் மூக்குக்கண்ணாடியைத் திடலில் எங்கேயோ விட்டுவிட்டது தெரிந்தது. ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும். தூறலில் நனைந்தபடி அண்ணே மேட்டில் ஏறி வந்து, கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் நீட்டினார். விறாந்தையில் உட்காரச் சொல்லி, பணியாளரை அழைத்து இரண்டு தேநீர் கேட்டேன். சற்று நேரத்தில் ஒரு தட்டில் பீங்கான் கேத்தல், பால், சீனி, ஒரே ஒரு கோப்பை வந்தது. மற்றது எங்கே என்று கேட்டதற்கு அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி, "அவருக்குப் பின்னால குசினிப் பக்கம் குடுப்பாங்க சார், இங்க குடுத்தா மெனேஜர் ஏசுவாரு" என்றான். அவனும் ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளைதான். அவன் பேச்சு என் பேச்சுத்தான். நான் முகாமையாளரிடம் போனேன். அவர் மிகுந்த மரியாதையோடு, விறாந்தை தங்கும் விருந்தினருக்கு மட்டும் உரியது என்று சொன்னார். அவர் என் விருந்தினர், காசு நான் கொடுக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியும், அது வழக்கமில்லை என்பதே பதிலாக இருந்தது. அதே விறாந்தையில் முந்தின நாள் என்னைப் பார்க்க வந்த கொழும்பு நண்பருக்குக் கேட்காமலே கோப்பை வந்ததை நான் மறக்கவில்லை.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவது மிகை என்று என் மனைவியே சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து, கொழுந்து பறித்ததும் செடியைக் கவ்வாத்து வெட்டியதும் ஸ்டோர் என்ற தேயிலை ஆலையில் இலை வாட்டியதும் நம் சனங்கள்தாம். அந்த டெய்லர் பிறந்த நாட்டில், மழைக்கு ஒதுங்கிய கெடியும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சூப் குடித்திருக்கிறோம். எவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கிழவர் ஒருவர் முன்வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியவில்லை. துரைமார் போய் எத்தனையோ காலமாகியும் அவர்கள் வைத்த வழக்கத்தை நம்மவர்களே காவல் காக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் திரும்பி வந்தபோது அண்ணே விறாந்தையை விட்டிறங்கி, படிக்குக் கீழே தூறலில் நின்றுகொண்டிருந்தார். "நான் போறேன் சார்" என்றார். காலையில் நாலாவது குழியில் விட்ட அந்தச் "சார்" திரும்பி வந்தது முகாமையாளரின் பேச்சைவிட அதிகமாக என்னைச் சுட்டது. கேத்தலைத் தொடாமல், மகளையும் கூட்டிக்கொண்டு அவரோடு இறங்கி நடந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில், வாங்கில் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, இஞ்சி போட்ட பிளேன்டீயும் பருப்பு வடையும் சாப்பிட்டோம். மகள் இன்னொரு பிளேன்டீ கேட்டாள். காசை எடுக்கக் கை வைத்தேன்; "நீ சும்மா இரு தம்பி" என்று சொல்லி அவரே கொடுத்தார்.