மருந்துச் செடி படிக்கறவங்களுக்கு கெக் பாத்வே மேப் எந்த அளவுக்கு உதவும்? ஒரு ரிவ்யூ

நித்யகல்யாணியில இருந்து கிடைக்கற கேன்சர் மருந்து வின்பிளாஸ்டின் அந்த செடிக்குள்ள எப்படி உருவாகுதுன்னு பேப்பர் பேப்பரா படிச்சு தலை சுத்திப் போயிருந்தா, கெக் சைட்ட ஒருதடவ திறந்து பாருங்க, ஒரு பொருள் செல்லுக்குள்ள படிப்படியா எப்படி உருவாகுதுன்னு காட்டற படம் தான் அதுல இருக்கற பாத்வே மேப். க்யோட்டோ என்சைக்ளோபீடியா ஆஃப் ஜீன்ஸ் அண்ட் ஜீனோம்ஸ்ங்கறது முழுப் பேரு, 1995ல க்யோட்டோ யுனிவர்சிட்டியில மினோரு கனேஹிசா ஆரம்பிச்சது. பிரவுசர்ல பார்க்க காசு வேணாம், லாகினும் வேணாம். டிசைன் பழைய காலத்து சைட் மாதிரி இருக்கும், அத விடுங்க, உள்ள இருக்கற சரக்கு தான் முக்கியம்.

நேரா 00901 மேப்புக்கு போங்க, வின்பிளாஸ்டின் சேர்ந்த இண்டோல் ஆல்கலாய்டுங்கற ரசாயன வகையோட மேப் அது. சின்ன வட்டம்னா காம்பவுண்ட், பெட்டின்னா என்சைம், பெட்டிக்குள்ள இ.சி. நம்பர் இருக்கும், அதாவது என்சைம் செய்யற ரியாக்ஷன வச்சு அதுக்கு குடுக்கற நம்பர். ஒரு பக்கம் ட்ரிப்டோபேன்ங்கற அமினோ ஆசிட்ல இருந்து கார்பன் டை ஆக்சைட ஒரு என்சைம் கழட்டி விட்டு ட்ரிப்டமின் ஆக்குது, இன்னொரு பக்கம் ஜெரானியால்ல ஆரம்பிச்சு பல படி தாண்டி செக்கோலோகானின் வருது, ரெண்டையும் 4.3.3.2ங்கற என்சைம் சேர்த்து ஸ்ட்ரிக்டோசிடின் பண்ணுது. இங்க தான் புதுசா வர்றவங்க குழம்புவாங்க. 4ல ஆரம்பிச்சா லையேஸ், அதாவது பிரிக்கற வகை என்சைம், ஆனா இது செடியில சேர்க்கற வேலை பாக்குது. காரணம் ஒண்ணுமில்ல, இ.சி. லிஸ்ட்ல அந்த ரியாக்ஷன தலைகீழா எழுதி வச்சு தான் நம்பர் குடுத்திருக்காங்க.

ஸ்ட்ரிக்டோசிடின்ல இருந்து குளுக்கோஸ கழட்டினதும் மிச்சம் இருக்கறது நிலையா நிக்காது, எந்த என்சைம் அத முதல்ல பிடிக்குதோ அதப் பொறுத்து பாதை பிரியும். சிங்கோனா மரத்துல குயினின், எட்டி மரத்துல ஸ்ட்ரிக்னின், நித்யகல்யாணியில கேதரான்தினும் வின்டோலினும், எல்லாத்துக்கும் மூலம் இதே ஸ்ட்ரிக்டோசிடின் தான். இத நாலு பேப்பர் படிச்சு புரிஞ்சுக்கறத விட மேப்ல விரல வச்சு போனா சட்டுனு புரியுது, எனக்கு இந்த சைட்ல ரொம்ப பிடிச்சது இது தான்.

ஆனா மேப்ப பார்த்தா எல்லாமே ஒரே செல்லுக்குள்ள வரிசையா நடக்கற மாதிரி ஒரு எண்ணம் வந்துடும், அங்க கொஞ்சம் உஷாரா இருங்க. நிஜத்துல இலையில முதல் கட்ட வேலை உள்ள ஃப்ளோயம்ங்கற உணவு கடத்தற திசு பக்கத்து செல்கள்ல நடக்குது, ஸ்ட்ரிக்டோசிடின் மேல்தோல் செல்கள்ல உருவாகி வாக்யூவோல்ங்கற சேமிப்புப் பையில போய் உட்காருது, குளுக்கோஸ கழட்டற என்சைம் நியூக்ளியஸ்ல இருக்கு, பூச்சி கடிச்சு செல் உடைஞ்சா தான் ரெண்டும் மொத்தமா கலந்து பூச்சிக்கு ஆகாத சமாச்சாரமா மாறும். கேதரான்தின் இலை மேல இருக்கற மெழுகுக்கு போயிடுது, வின்டோலின் உள்ள இருக்கற வேற வகை செல்கள்ல தங்கிடுதுன்னு முன்னாடி ஒரு ஆய்வு சொல்லுச்சு, பின்னாடி வந்த ஆய்வுகள்ல ரெண்டும் உள்ள ஒரே வகை செல்கள்லயும் இருக்கறது தெரிஞ்சுது. இந்த ரெண்டும் சேர்ந்தா தான் வின்பிளாஸ்டின், ஆனா இலையில அது ரொம்ப கம்மியா தான் கிடைக்குது. மேப்ல இதுக்கெல்லாம் வெறும் அம்புக்குறி தான். அத குறைன்னு சொல்ல மாட்டேன், ரூட் மேப்னா ரூட் தான் காட்டும், எந்த செல்லுன்னு தெரிஞ்சுக்க பேப்பர் தான் படிக்கணும்.

அடுத்தது பச்சை கலர். மேல ஒரு செடிய செலக்ட் பண்ணா அதுகிட்ட ஜீன் இருக்கற பெட்டி எல்லாம் பச்சை ஆகும். நல்ல வசதி, ஆனா பெரும்பாலும் ஜீன் சீக்வென்ஸ் (எழுத்து வரிசை) ஒற்றுமைய வச்சு போட்டது அது, அந்த செடியில அந்த என்சைம எடுத்து லேப்ல டெஸ்ட் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. பி450ங்கற என்சைம் குடும்பம் மாதிரி பாக்க ஒண்ணு போலவே இருந்து வேலை வேற வேற செய்யற என்சைம்கள்ல இத நம்பி முடிவுக்கு வராதீங்க. ஒரு படிக்கு ஒரு ஜீன்னும் கணக்கு போட முடியாது, கசகசா செடியில மார்ஃபின் பாதையில நடுவுல வர்ற ரெட்டிகுலின்ங்கற காம்பவுண்ட அதோட கண்ணாடி பிம்ப வடிவமா திருப்பிப் போடற ரெண்டு படியையும் ஸ்டார்னு ஒரே ஜீன் பாத்துக்குதுன்னு 2015ல கண்டுபிடிச்சாங்க. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின்ல இன்னும் கூத்து, கடைசி படிக்கு என்சைமே தேவையில்ல, வெளிச்சமும் ஆக்ஸிஜனும் போதும்.

இவ்வளவு மெனக்கெட்டு எதுக்கு ஜீன் லிஸ்ட் போடணும்னு கேட்டா, 2022ல ஈஸ்ட்டுக்குள்ள 34 செடி ஜீன வச்சு, ஈஸ்ட்டோட சொந்த ஜீன் 10ஐயும் மாத்தி, கேதரான்தினும் வின்டோலினும் பண்ண வச்சாங்க, அப்புறம் ரெண்டையும் கெமிக்கலா இணைச்சு வின்பிளாஸ்டின் எடுத்தாங்க. ஒரு படிக்கு ஜீன் தெரியலன்னா கூட அது நடந்திருக்காது, நித்யகல்யாணியில கடைசியா விட்டுப்போன என்சைம்கள் 2018ல தான் கிடைச்சுது.

என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு. எம்.எஸ்.சி. பசங்களுக்கும் செமினார் எடுக்கறவங்களுக்கும் கண்டிப்பா சொல்வேன், அமினோ ஆசிட் கூட மறந்து போனவங்க முதல்ல ஒரு பேசிக் புக்க புரட்டிட்டு வாங்க. மொபைல்ல திறக்காதீங்க, பெட்டி எல்லாம் எறும்பு சைஸ்ல தெரியும். மொத்த டேட்டாவையும் டவுன்லோட் பண்ணலாம்னு பிளான் இருந்தா அதுக்கு 2011ல இருந்து தனியா சந்தா கட்டணும், ஒவ்வொரு பக்கமா பார்க்கறது தான் இலவசம்.