குர்குமின் கேப்சூல்: வாய்ப்புற்றுக்கு வாங்கலாமா?

ராமேஸ்வரத்திலும் கீழக்கரையிலும் மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருகிற வகை இது: 60 கேப்சூல் டப்பா, ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின், அதாவது மஞ்சளுக்கு நிறம் தரும் சத்து, கூடவே 5 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகுச் சத்து. சத்துமாத்திரையாக வாங்கினால் சரி. வாய்ப்புற்றுக்கு மருந்தாக என்றால் வேண்டாம்.

ஒரு கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டினால் ஆரஞ்சுத் தூள் மேலேயே மிதக்கும். கலக்கினாலும் அடியில் வந்து படியும். கலப்படம் என்று பயப்பட வேண்டாம், குர்குமின் தண்ணீரில் கரையாது. கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி மாதிரி சிவக்கும். மஞ்சள் இருக்கிறது என்று அது காட்டும், எவ்வளவு என்று காட்டாது.

கரையாததுதான் கோளாறே. குடல் உறிஞ்சுவது சொற்பம், அதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998-ல் வெளியான பெங்களூரு ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்ததும் ரத்தத்தில் சேர்வது சுமார் 20 மடங்கு கூடியது. கேட்கப் பிரமாதம்தான். ஆனால் ஒன்றுமில்லாத குறையாக இருந்ததன் 20 மடங்கு அது.

அளவுக்கு வருவோம். வாயில் வெள்ளைப்படை (லூக்கோபிளாக்கியா) உள்ள 223 பேரிடம் நடந்த இந்தியச் சோதனை 2016-ல் வெளியானது. தினம் 3.6 கிராம் குர்குமின், 6 மாதம். படை குறைந்தவர்கள் 67.5 சதவீதம், வெற்று மாத்திரை தின்றவர்களில் 55.3. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதுவும் புற்றுக்கு முந்தைய நிலையில். அந்த அளவை எட்ட இந்தக் கேப்சூலில் தினம் 8 விழுங்க வேண்டும். டப்பா ஒரு வாரத்துக்குத்தான் வரும். அட்டையில் போட்டிருப்பதோ தினம் 2.

செடிச் சரக்கு புற்றுக்கு ஆகாது என்பதில்லை. டோசிடாக்செல் என்ற புற்று மருந்து, யூ என்ற ஊசியிலை மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துச் செய்வதுதான். வழக்கமான புற்று மருந்தான சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாத தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை, உடல்பரப்பில் சதுர மீட்டருக்கு 15 மில்லிகிராம் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஏற்றிப் பார்த்தார்கள். 2 ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 30.3 சதவீதம், டோசிடாக்செலும் பெற்றவர்களில் 42.

இங்கேதான் டப்பாவில் உள்ள மிளகுச் சத்து வில்லங்கம். டோசிடாக்செலைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைப் பைப்பரின் தடுக்கக்கூடியது. மருந்து உடம்பில் தங்கிவிட்டால் வெள்ளணுக்கள் இன்னும் சரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆகாது. மதுரைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் டப்பாவையே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். 'மஞ்சள் மாத்திரை' என்று வாயால் சொன்னால் பைப்பரின் விஷயம் விட்டுப்போகும்.

மற்றபடி சத்துக்காக வாங்குபவர்களுக்கு: சாப்பாட்டில் எண்ணெய், நெய் இருக்கும் வேளையில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கேப்சூல் ஓடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே கிடக்கும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள்.