ஏர் பியூரிஃபையர் வாங்கப் போறீங்களா? 18,500 எங்க போச்சுன்னு படிச்சுட்டு வாங்குங்க

ஏர் பியூரிஃபையர் ஒண்ணு வாங்கி 18,500 ரூபாய் போச்சு. திரும்பி வராதுன்னு இன்னைக்குக் காலையில உறுதியாயிடுச்சு. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது"ன்னு ஒரு மெயில், அவ்வளவுதான். யார் முடிச்சாங்க, எப்படி முடிச்சாங்கன்னு ஒரு வரி கிடையாது. வெளிக்காத்து மோசமா இருக்கிற இடத்துல, வீட்டுக்குள்ளயாவது நல்லா மூச்சு விடலாம்னு மெஷின் தேடுறவங்க எல்லாரும் இதைப் படிங்க.

வித்தது பெரிய இணையச் சந்தை ஒண்ணுல கடை போட்டிருக்கிற ஒரு விற்பனையாளர். பேர் போடலை. போட்டா நாளைக்கே வேற பேர்ல, அதே மெஷினை, அதே படத்தோட விப்பாங்க. பேரை விட அவங்க பண்ற வித்தையைத் தெரிஞ்சுக்கங்க.

முதல் வித்தை அந்த வீடியோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள மெஷினை வெச்சு, புகையை நிரப்பி, ஸ்விட்சைப் போடுறாங்க. ஒரே நிமிஷத்துல பெட்டி பளிச்சுன்னு ஆயிடுது. பார்க்கிற யாருக்கும் நம்பிக்கை வந்துடும். ஆனா கணக்கைப் பாருங்க. 50 செ.மீ. பக்கம் உள்ள பெட்டிக்குள்ள இருக்கிறது 0.125 கன மீட்டர் காத்து. சின்னப் படுக்கையறையே 30 கன மீட்டர் வரும், அதாவது 240 மடங்கு. அவ்வளவு சின்னப் பெட்டியில எந்த டப்பா மெஷினும் ஜெயிச்சுடும். கூடவே அயனைசர் (காத்துல மின்னேற்றம் ஏத்துற பாகம்) ஓடினா, புகைத் துகள்ல மின்னேற்றம் ஏறி அது கண்ணாடியில போய் ஒட்டிக்கும். காத்து தெளிஞ்ச மாதிரி தெரியும், ஃபில்டர்ல ஒண்ணும் மாட்டியிருக்காது.

ரெண்டாவது வித்தை, காத்துல தூசி எவ்வளவுன்னு மெஷின் நெத்தியில மின்னுற நம்பர். போட்டதும் சிவப்புல 160. கொஞ்ச நேரத்துல பச்சையில 12. இதைப் பார்த்துட்டு எவன் சந்தேகப்படுவான்? ஆனா அதோட சென்சார் துளை, சுத்தக் காத்து வெளிய வர்ற வாய்க்கு ரெண்டு விரல் தள்ளித்தான் இருக்கு. தான் ஊதின காத்தைத் தானே மோந்து பார்த்துத் தனக்கே மார்க் போட்டுக்குது. தனி லேசர் மீட்டர் ஒண்ணை அறையோட எதிர் மூலையில, மூச்சு விடுற உயரத்துல வெச்சா பிஎம் 2.5, அதாவது நுரையீரல் வரைக்கும் போற நுண்தூசி, 110-ல நிக்குது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன 24 மணி நேர சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காத்துக்கு 15 மைக்ரோகிராம். மெஷின் 12-ன்னு காட்டுறப்ப நிஜம் அந்த வரம்பைப் போல ஏழு மடங்கு.

பெட்டி மேல "800 சதுர அடிக்குப் போதும்"னு கொட்டை எழுத்து. மெஷின் முதுகுல இருக்கிற ஸ்டிக்கர்ல, பொடி எழுத்துல, சிஏடிஆர், அதாவது மெஷின் குடுக்கிற சுத்தக் காத்தோட அளவு, மணிக்கு 120 கன மீட்டர். இந்த ஒரு நம்பர்தான் நிஜம். 800 சதுர அடின்னா சுமார் 74 சதுர மீட்டர். கூரை 2.7 மீட்டர்னு வெச்சா 200 கன மீட்டர் காத்து. 120-ஐ வெச்சு அதை மணிக்கு ஒரு தடவை கூடச் சுத்தம் பண்ண முடியாது. மாசு அதிகமான இடத்துல மணிக்கு 5 தடவையாவது வேணும். அப்படிப் பார்த்தா இந்த மெஷின் 100 சதுர அடி அறைக்கே பத்தாது. அதுவும் ஃபேன் முழு வேகத்துல அலறினாத்தான். ராத்திரி சத்தமில்லாத மோடுல போட்டா இன்னும் எவ்வளவோ குறையும்.

திறந்து பார்த்தா அதைவிடக் கொடுமை. விளம்பரத்துல "எச்13 ஹெப்பா", அதாவது நுண்துகளைப் பிடிக்கிற உயர்தர ஃபில்டர். அந்தத் தரத்துக்கு, ஃபில்டரை ஏமாத்தி நுழையறதுல கெட்டிக்காரத் துகள் எந்த அளவோ அதுலயே 99.95 சதவீதத்தைப் பிடிக்கணும். வந்தது ஒரு விரல் கனம் கூட இல்லாத மடிப்புத் தாள், சுத்தி ரப்பர் பட்டை கிடையாது, ரெண்டு பக்கமும் இடைவெளி. காத்து சுலபமான வழியிலதான் போகும். அதனால ஃபில்டர் வெள்ளையா இருக்கு, சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் சட்டத்துல கறுப்புக் கோடு. "ஆக்டிவேட்டட் கார்பன்"னு சொன்னது கரி தூவின ஸ்பாஞ்சு. வாடை, வாயு எல்லாம் பிடிக்கணும்னா மணி மணியான கரி நிறைய வேணும். இந்தத் தூவல் சீக்கிரமே நிறைஞ்சு சும்மா கிடக்கும். அயனைசரை நிறுத்த பட்டனே இல்லை. அது ஓடுறப்ப, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல வருமே, அந்தக் காரமான வாசனை. அது ஓசோன், நுரையீரலுக்கு ஆகாது. கலிஃபோர்னியாவுல பத்து லட்சத்துல 0.05 பங்குக்கு மேல ஓசோன் விடுற மெஷினை விக்கவே கூடாதுன்னு விதி இருக்கு.

இப்ப கஸ்டமர் கேர் லட்சணம். ஓசோன் வாசனையா? "அது ஃப்ரெஷ் ஏர் ஸ்மெல் சார்." மீட்டர்ல குறையவே இல்லையே? "ஃபில்டர் செட் ஆகணும் சார், 72 மணி நேரம் விடாம ஓட்டுங்க." ஃபில்டர் செட் ஆகிறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, புதுசா மாட்டின நிமிஷத்துலயே அது வேலை செய்யணும். 72 மணி நேரம் எதுக்குன்னா ரிட்டர்ன் தேதி தாண்டத்தான். அப்புறம் "உங்க மீட்டர் கம்பெனி அங்கீகரிச்சது இல்லை." அப்புறம் "ஃபில்டர் சுகாதாரப் பொருள், பிரிச்சா எடுக்க மாட்டோம்." பிரிக்காம எப்படிய்யா ஓட்டுறது? சந்தைக்காரங்ககிட்ட போனா விற்பனையாளரைக் கேளுங்கங்கிறாங்க, விற்பனையாளர் சந்தையைக் கேளுங்கங்கிறார். கடைசியா வந்த ஆள் சொன்ன வார்த்தைதான் உச்சம்: "மெஷின் ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன குறை?" 18,500 குடுத்தது ஃபேன் சுத்துறதைப் பார்க்கவா?

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற கடுப்புல இவ்வளவுதான் வருது:

நீளம், அகலம், உயரம் மூணையும் மீட்டர்ல பெருக்கி, அதை 5-ஆல பெருக்குங்க. சிஏடிஆர் அதுக்குக் கீழ இருந்தா வேண்டாம். சிஏடிஆர் போடாம சதுர அடி மட்டும் போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

"ஹெப்பா டைப்", "ஹெப்பா போல", "கழுவிப் பயன்படுத்தும் ஹெப்பா" எல்லாம் டுபாக்கூர். தாள் ஃபில்டரைத் தண்ணியில போட்டா செத்துடும். வெளி வலையை மட்டும்தான் கழுவலாம். மாத்து ஃபில்டர் தனியா கிடைக்குதான்னு முதல்லயே பாருங்க.

வந்த அன்னைக்கே ஃபில்டர் மேல பிளாஸ்டிக் உறை இருந்தா எடுங்க, நிறைய வீட்டுல அதோடயே ஓடுது. ஜன்னலை மூடி, மீட்டரை எதிர் மூலையில வெச்சு, முழு வேகத்துல ஒரு மணி நேரம் ஓட்டி, எல்லாத்தையும் வீடியோ எடுங்க. வெளிய பிஎம் 2.5 100 இருந்தா, ஓரளவு இறுக்கமா மூடின அறையில 20 பக்கம் வந்திருக்கணும். வரலைன்னா ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள எழுத்துல புகார் குடுங்க. ஃபோன்ல சொன்னதுக்கு எந்தச் சாட்சியும் இருக்காது.